மேஜைக்கு ஒரு ரூட்டர்

அந்தத் தெருவில் அவளைச் சட்டக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு வாடகைத் தகராற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நான் போடுறது படத்துக்குச் சட்டம்ங்க, மனுஷனுக்கு இல்ல" என்பாள். வந்தவர்களும் சும்மா போகமாட்டார்கள். வீட்டில் எங்கேயோ சுருண்டு கிடந்த ஒரு கல்யாணப் படத்தை மறுநாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளிடம் ஐந்து நிமிடம் பேசினால் யாருக்கும் எதையாவது சட்டம் போட்டு மாட்டலாம் என்று தோன்றிவிடும்.

அவள் புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் நெட்டையர். வாசற்படியில் குனியாமல் நுழைந்து நெற்றியில் வாங்கிக்கொண்ட காயங்கள் அவருக்கு நிறைய. அவளோ அவர் தோளுக்குக் கீழே. ஜோடியாக நடந்துபோனால் ஆச்சரியக்குறி பக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்ததுபோல் இருக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டின் முன்னறை கடை, பின்னறை பட்டறை. முன்னறை அவளுடையது. சுவர் முழுக்க மாதிரிச் சட்ட மூலைகள் ஆணியில் தொங்கும். கண்ணாடி வெட்டும் மேஜையும், பசை டப்பாக்களும், பாலிஷ் துணிகளும் அவள் ராஜ்யம். பின்னறை அவருடையது. அங்கே ரீப்பர் கட்டைகள் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் ரூட்டர் மேஜை.

ரூட்டர் என்பது பிட் என்கிற வெட்டுமுனையைச் சுழலவிட்டு மரத்தின் விளிம்பைச் செதுக்குகிற மோட்டார். அதை ஒரு மேஜைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பலகையில் போட்ட ஓட்டை வழியாகப் பிட்டை மட்டும் மேலே தலைநீட்ட வைத்துவிட்டால் அதுதான் ரூட்டர் மேஜை. அதன்பிறகு இயந்திரத்தைக் கையில் பிடித்து மல்லுக்கட்ட வேண்டாம். மரத்தைப் பலகைமேல் பதித்த தடுப்புக்கட்டையோடு அணைத்து வலமிருந்து இடமாகத் தள்ளினால் போதும். இந்தப் பக்கம் மொட்டைக் கட்டையாகப் போவது அந்தப் பக்கம் அலையும் வரியுமாக வெளியே வரும். அந்த மேஜையை நெட்டையர் தன் இடுப்புக்கு அளவெடுத்துத் தானே செய்திருந்தார். அவளுக்கு அது மார்பு உயரம். சமையலறை மேல் அலமாரி மாதிரி தனக்கு எட்டாத சாமான் என்று விட்டுவிட்டாள். யாரும் தொடாதே என்று சொன்னதில்லை. அவளும் தொட்டதில்லை.

ஒவ்வொரு சட்டமும் வெளியே வந்ததும் நெட்டையர் கண்ணை மூடிக்கொண்டு இடது பெருவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவுவார். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிடைக்காத மேட்டை அந்த விரல் கண்டுபிடித்துவிடும்.

"யாரை நெனச்சுக்கிட்டு இப்படித் தடவுறீங்க?" என்று அவள் கேட்பாள்.

"உன்னைத்தான். உன் குணத்துல இல்லாத மேடு பள்ளமா இதுல இருக்கப்போவுது?"

இப்படியே மகளைப் படிக்கவைத்தார்கள், கட்டிக்கொடுத்தார்கள், கூரையை இரண்டு முறை மாற்றினார்கள். தம்பதிகள் ஒரே வீட்டில் ஒரே தொழில் செய்தால் ஒன்று சேர்ந்து சிரிப்பார்கள், இல்லாவிட்டால் ஒருவர் மண்டையை ஒருவர் உடைப்பார்கள் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். இவர்கள் சிரித்த வகை.

சட்டங்களில் கருக்கல் விழ ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பு குறைந்தது.

மரத்தைத் தள்ளும்போது கை நடுவில் நின்றால் பிட் அங்கேயே சுழன்று மரத்தைத் தீய்த்துவிடும். விரலகலத்துக்கு ஒரு கரும்பட்டை விழும். புதுக்கைக்காரர்கள் வேலையில் அது சகஜம். நெட்டையர் வேலையில் அப்படி ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. முதல் தடவை பார்த்தபோது உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மறந்துபோனாள். அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் ஏறக்குறைய எல்லாச் சட்டத்திலும், ஏறக்குறைய ஒரே இடத்தில். வலது கை தள்ளிவந்த மரத்தை இடது கை வாங்கிக்கொள்கிற இடம் அது.

அவள் கேட்கவில்லை. தேய்த்தாள். தேய்த்தும் போகாததைக் கரும் பாலிஷில் முக்கினாள். கரும் பாலிஷ் போட்டால் தீய்ந்தது எது, தீயாதது எது என்று பிரம்மாவுக்கே தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம், "இப்ப டார்க் கலருக்குத்தாங்க மவுசு, படம் எடுப்பா தெரியும்" என்று தலையில் கட்டினாள். அவள் வாய்க்கு எதிர்வாய் ஏது? அந்த வருடம் அந்த வட்டாரத்தில் மாட்டிய படங்களெல்லாம் துக்க வீட்டுப் படம்போலக் கறுத்துத் தொங்கின. பச்சைக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படம்கூட.

நெட்டையரும் சும்மா இருக்கவில்லை. பிட் மொட்டையாகிவிட்டது என்றார். புதுப் பிட் வந்தது. தடுப்புக்கட்டை வளைந்துவிட்டது என்றார், புதுக்கட்டை போட்டார். இப்போது வருகிற மரமெல்லாம் ஈரம் என்றார். கரண்ட் சீராக இல்லை என்றார். கரும்பட்டை மட்டும் விழுந்த இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் பழி ரூட்டர்மேல் வந்து நின்றது.

ரூட்டரும் ஒன்றும் யோக்கியமில்லை. அது கையில் பிடித்து வேலைசெய்ய வாங்கிய இயந்திரம். மேலிருந்து அமுக்கினால் மரத்துக்குள் இறங்கி, விட்டால் தானே எழும்புவதற்காக உள்ளே ஸ்பிரிங் வைத்தது. தலைகீழாக மாட்டினால் அந்த ஸ்பிரிங் எதிரியாகிவிடும். பிட்டை ஒரு நூல் உயர்த்த வேண்டுமென்றாலும் நெட்டையர் முட்டிபோட்டு மேஜைக்கு அடியில் நுழைந்து, மோட்டாரைத் தலையால் முட்டாத குறையாகத் தள்ளவேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் அதிர்விலேயே நழுவிக் கீழே இறங்கும். காலையில் செதுக்கிய சட்டமும் சாயங்காலம் செதுக்கிய சட்டமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே தவிர இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்காது. அதனால் அவர் சொன்னது முழுப்பொய் என்று அவளால் தள்ளவும் முடியவில்லை. அரைமனதோடு நம்பிக்கொண்டிருந்தாள். நம்புவது சௌகரியமாக இருந்தது.

அப்போதுதான் புகைப்படக்காரி வந்தாள். கண்காட்சி வைக்கப்போகிறாளாம், கடல் கடலாகப் படம் எடுத்து வைத்திருந்தாள். சட்டம் வெளிர்மரத்தில் வேண்டும், பாலிஷே கூடாது, மரம் மரமாகத் தெரியவேண்டும் என்றாள்.

"டார்க்கா போட்டா எடுப்பா இருக்கும்மா," என்று ஆரம்பித்தாள் சட்டக்காரம்மா.

"உங்க கடையில எல்லாமே டார்க்காத்தான் இருக்கு. எனக்கு வேணாங்க," என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். சட்டக்காரம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வெளிர்மரத்தில் முதல் சட்டம் பட்டறையிலிருந்து வந்தது. நடுவில் கரும்பட்டை. அதைத் தாண்டி இன்னொரு கறை, பழுப்பும் சிவப்புமாக, ஒழுங்கில்லாமல் இழுபட்டு. பாலிஷ் பட்டுவிட்டதோ என்று துடைத்தாள். ஈரமாக இருந்தது. பின்னறைக்கு ஓடினாள். நெட்டையர் அடுத்த கட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இடது கை நடுவிரலிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக மரத்தூளில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கை!"

அவர் குனிந்து பார்த்தார். "அட," என்றார். "எப்பப் பட்டுச்சு?"

சிராய் கிழித்த காயம்தான். துணி சுற்றினால் நின்றுவிட்டது. ஆனால் அந்த 'எப்பப் பட்டுச்சு' அவளை விடவில்லை. சிராய் இவ்வளவு ஆழமாக ஏறியது தெரியாத விரல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற பிட்டுக்குப் பக்கத்தில் தினமும் போய்வருகிறது. இன்றைக்குச் சிராய். நாளைக்கு விரலே போனாலும் குனிந்து பார்த்து 'அட' என்பாரோ? அன்று முழுக்க அவரையே சுற்றிச் சுற்றி வந்தாள். கேட்டுவிடவேண்டும் என்று நாக்கு நுனிவரை வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். அந்த மேஜையை எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"புது ரூட்டர் வாங்கிடுவோம்," என்றார் அவரே, சாப்பிடும்போது. "மேஜைக்குன்னே ஏத்தது. அதுக்கப்புறம் பாரு."

"வாங்கிடுவோம்," என்றாள் அவள். அப்படியாவது சரியாகிவிட்டால் நல்லது என்றுதான் அவளும் நினைத்தாள். பயந்தவர்கள் எதை வேண்டுமானாலும் நினைப்பார்கள்.

ஆண்கள் இயந்திரம் வாங்கக் கிளம்பும்போது பார்க்கவேண்டும். மகள் கல்யாணத்துக்குக்கூட நெட்டையர் அவ்வளவு விசாரித்திருக்கமாட்டார். மோட்டார் பெரிதாக இருக்கவேண்டும், மேஜைதானே சுமக்கப்போகிறது, எடை எவ்வளவு இருந்தால் என்ன என்றார். பிட்டைப் பிடிக்கிற வாய் கால் அங்குலமாக இருந்தால் பிட் நடுங்கும், அரை அங்குலம்தான் வேண்டும் என்றார். பெரிய பிட் போட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும், அதற்குத் திருகு வேண்டும் என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமும் சொன்னார். அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டக்காரம்மா உம் கொட்டிக்கொண்டே அவர் இடது கையைப் பார்த்தாள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களின் நுனி வெளிறியிருந்தது.

மெஷின் கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடுகிற ஆள். நல்ல வாயாடி. நெட்டையர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணே, எல்லாம் சரி, ஆனா மேஜைக்கு வாங்குறவங்க முதல்ல பாக்கவேண்டியத விட்டுட்டீங்களே," என்றார். "உயரத்த மேல நின்னே மாத்த முடியுதா? பிட்ட மேல வச்சே கழட்ட முடியுதா? அதுதான் பேச்சு. சும்மா சும்மா அடியில நுழைய முடியுமா, நமக்கென்ன வயசு திரும்பியா வருது?"

ரூட்டர் மாட்டிவைத்த ஒரு மேஜைக்குக் கூட்டிப்போய், பலகையில் ஒரு சிறு துளை வழியாகச் சாவியை விட்டுத் திருகினார். பிட் முளைக்கிற செடிபோல மெதுவாக எழுந்து நின்றது. கையை எடுத்தார், நின்ற இடத்தில் நின்றது. நெட்டையர் குழந்தைமாதிரி சிரித்தார். தானும் திருகிப் பார்த்தார். இறக்கினார், ஏற்றினார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சட்டக்காரம்மா எண்ணிப் பார்த்தாள்.

"ஓட்டிப் பாருங்கண்ணே," என்று கடைக்காரர் ஒரு வெளிர்மரக் கட்டையை நீட்டினார்.

இயந்திரம் உதறாமல் கிளம்பி, மெல்ல வேகமெடுத்தது. நெட்டையர் மரத்தைத் தடுப்புக்கட்டையோடு அணைத்துத் தள்ளினார். அழகாகத்தான் போயிற்று. வலது கை விட்டு இடது கை வாங்கும் இடம் வந்தது. நின்றது. பிடித்தோமா இல்லையா என்று அந்த இடது கை தடுமாறியதை அவள் பார்த்தாள். கண் சிமிட்டும் நேரம்தான். மெல்லிய புகை எழுந்தது. பிறகு மீதி மரமும் ஓடி முடிந்தது.

அவர் இயந்திரத்தை அணைத்தார். கண்ணை மூடினார். பெருவிரலால் தடவினார். கரும்பட்டை விழுந்த இடத்தில் பிட் கடித்து ஒரு பள்ளமே இருந்தது, நின்ற இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. பெருவிரல் அதன்மேல் ஏறி இறங்கிப் போயிற்று.

"பட்டு மாதிரி இருக்கு," என்றார். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார்.

நெட்டையர் கட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மெஷின் சரியில்ல. வேற காட்டுங்க," என்றார்.

வேறு காட்டினார் கடைக்காரர். அதிலும் அதே இடத்தில் கரும்பட்டை. மூன்றாவது காட்டினார். கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்று கறுப்பும் ஒரே கோட்டில் நின்றன. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, கட்டைகளைப் பார்த்து, நெட்டையரைப் பார்த்து, கடைசியில் அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டுவிட்டார். புரிந்தவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வாயாடிக்கு அது வராது.

"அக்கா, நீங்க ஒரு தடவ தள்ளிப் பாருங்களேன். மெஷினா, மரமான்னு தெரிஞ்சுடும்."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லைங்க," என்றாள்.

"பரவால்லக்கா. மரத்த ஒட்டி அணைச்சு, நிறுத்தாம தள்ளுங்க. அவ்வளவுதான்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டு, "தள்ளு," என்றார்.

கடை மேஜை தாழ்ந்தது. அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. கட்டையை அணைத்தாள். அந்த ஓசைக்குள் கையை நீட்டியதும் மரம் உயிருள்ளதுபோல் உள்ளங்கையில் துடித்தது. தள்ளினாள். வாழ்நாள் முழுக்க அடுத்த அறையிலிருந்து கேட்ட ஓசை அது. எப்படி ஏறவேண்டும், எங்கே இழையவேண்டும் என்று அவள் காதுக்கு மனப்பாடம். கை அந்த ஓசையின் பின்னால் போயிற்று. மரம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அவளுக்குள் சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. பொங்கிய உடனே அந்தச் சந்தோஷத்தின்மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது. இது சுத்தமாக வெளியே வந்தால் அவர் கதி என்ன? மூன்று இயந்திரத்திலும் தோற்றவர், முதல்முறை தொட்ட பெண்டாட்டி கையில், கடைக்காரன் முன்னால்.

இடது கை வாங்கும் இடம் வந்ததும் அவள் நிறுத்தினாள். புகை எழும்வரை பொறுத்தாள். பிறகு தள்ளி முடித்தாள்.

"பாத்தீங்களா," என்றாள், ஒன்றும் தெரியாத பாப்பாபோல. "எனக்கும் கருகிடுச்சு."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப பிட்டாத்தான் இருக்கணும்," என்று மழுப்பினார். யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது அவ்வளவு பேசிய மனிதர் திரும்பும்போது பஸ்ஸில் வாயே திறக்கவில்லை.

வீட்டுத் தெருமுனை வந்ததும் நின்றார்.

"வேணும்னே நிறுத்தினே."

"என்னது?"

"எங்கிட்ட நடிக்காத. ஓசை ஒரே சீராப் போச்சு. பதற்றமே இல்ல. நல்லாப் போயிட்டிருந்தது பட்டுனு நின்னுச்சு. தெரியாதவ கை அப்படி நிக்காது. தெரியாதவ கை முதல்லேருந்தே தடுமாறும்." அவர் இடது கையை நீட்டிக் காட்டினார். "எனக்கு விரல்தான் போச்சு. காது போகல."

விரல்தான் போச்சு. இத்தனை மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை தெருமுனையில் வந்து விழுந்துவிட்டது. அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல, கோபம்.

"போச்சுன்னு தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டு பிட்டு, கட்டை, கரண்டுன்னு எத்தன பேரு மேல பழி போட்டீங்க? அன்னிக்கு ரத்தம் சொட்டுது, எப்பப் பட்டுச்சுன்னு கேக்குறீங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு நாளும் அந்த மெஷின் ஓடி நிக்கிறவரைக்கும் நான் முன்னால மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்!"

"நீ மட்டும் என்ன? கரும் பாலிஷா அடிச்சு அடிச்சு மறைச்சியே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? ஊரு பூரா என் கருக்கலுக்குச் சாயம் பூசினே. இன்னிக்கு கடையில வச்சு எனக்குப் பிச்சை போட்டே."

"பிச்சையா?"

"வேற என்ன அது?"

அன்பு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அது அவருக்குப் பிச்சையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே பொய்யை இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்துவிடக்கூடாது என்று மாதக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். அவள் தெருவென்றும் பாராமல் அழுதாள். அவர் எட்டி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காலையில எந்திரிச்சா ஊசி குத்தும். அப்புறம் அதுவும் இல்ல, மரத்துப்போயிடும். கையில கட்டை இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்."

"டாக்டர்கிட்ட போகணும்ங்க."

"போனா மெஷின் பக்கமே போகாதம்பாரு."

"சொன்னா?"

அவர் வீட்டுப்பக்கம் நடந்தார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. செருப்பும் இல்லை. பட்டறைக் கதவு சாத்திக் கிடந்தது. அவளுக்குத் தோன்றக்கூடாததெல்லாம் தோன்றியது. மகளுக்குப் போன் போடலாமா என்று எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடையைத் திறந்து, வந்த ஒருவருக்கு அளவைத் தப்பாக எழுதினாள், அவரே அதைத் திருத்தினார். மதியத்துக்கு முன்னால் நெட்டையர் தோளில் ஒரு பெட்டியோடு வந்தார். வாசற்படியில் குனிய மறந்து நெற்றியில் இடித்துக்கொண்டார். நேராகப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பழைய ரூட்டரைக் கழற்றுகிற ஓசை கேட்டது. பிறகு ரம்பம். மோட்டார் ரம்பமில்லை, கை ரம்பம். வெகுநேரம் அறுத்துக்கொண்டிருந்தார். நிற்கும், மறுபடி அறுக்கும். எதை அறுக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தாள்.

மேஜை கவிழ்ந்து கிடந்தது. நெட்டையர் அதன் நான்காவது காலை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த மூன்று துண்டுகள் மரத்தூளில் கிடந்தன, ஒவ்வொன்றும் முக்கால் சாண் இருக்கும்.

"என்னங்க இது? மேஜைய எதுக்கு அறுக்குறீங்க?"

"பிடி," என்றார். அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது துண்டும் விழுந்தது. இருவருமாக மேஜையைத் தூக்கி நிறுத்தினார்கள். லேசாக ஆடியது. அவர் ஒரு சிம்பைச் சீவி ஒரு காலுக்கு அடியில் தட்டிவிட்டார்.

புது ரூட்டர் பலகைக்கு அடியில் ஏறியது. கடையில் முதலில் பார்த்த, மேலிருந்து சாவியால் திருகுகிற அதே இயந்திரம். கூடவே ஒரு தனி ஸ்விட்ச் பெட்டி, பெரிய சிவப்புப் பொத்தானோடு. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்துப் பச்சையை அமுக்காமல் இயந்திரம் கிளம்பாது என்று சொல்லிக்கொண்டே அதை மேஜையின் முன்பலகையில் திருகினார். இடது பக்கத்தில் திருகினார். அவருக்கு வலது கைப் பழக்கம். பீச்சாங்கைக்காரி என்று வாழ்நாள் முழுக்க அவர் கேலி செய்தது அவளைத்தான்.

அவளுக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. மேஜை முன்னால் வந்து நின்றாள். பலகை அவள் இடுப்புக்கு வந்தது. அவர் அதில் வேலைசெய்ய வேண்டுமானால் இனி முதுகை வில்லாக வளைக்கவேண்டும். தான் அளவெடுத்துச் செய்த மேஜையைத் தனக்கு ஆகாதபடி அவரே அறுத்துவிட்டார். என்னைக் கேட்டீர்களா என்று சண்டை போடவேண்டும்போல் இருந்தது. காலில் விழுந்து அழவேண்டும்போலவும் இருந்தது.

"எனக்கு வராதுங்க."

"நேத்து வந்துச்சு," என்றார் அவர். "நிறுத்தாத. அவ்வளவுதான்."

அவர் மேஜையின் இடது பக்கம் போய், வெளியே வருகிற சட்டத்தை வாங்கிக்கொள்ள எட்டி நின்றார். பிட்டுக்கு வெகுதூரத்தில். அவள் வெளிர்மரக் கட்டை ஒன்றை எடுத்துத் தடுப்புக்கட்டையோடு அணைத்தாள். இடது கையால் பச்சையை அமுக்கினாள். ஓசை எழுந்தது. தள்ளினாள். வலது கை விட்டது, இடது கை வாங்கியது. நிற்கவில்லை. சட்டம் மறுபக்கம் முழுசாகப் போய் அவர் கைகளில் விழுந்தது. புகையில்லை, கறுப்பில்லை.

சிவப்பை அமுக்கினாள். இயந்திரம் அடங்கியது.

நெட்டையர் சட்டத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். கண்ணை மூடினார். பெருவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். மறுபடி ஒருமுறை தடவினார். அவள் காத்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்து சட்டத்தை அவளிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு? சொல்லு," என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி வழியாக எதுவும் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. "நல்லா இருக்குங்க," என்றாள்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லாத. எங்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு."

அவள் கண்ணை மூடினாள். பெருவிரலை மரத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினாள். வழவழவென்று போயிற்று, போயிற்று, கடைசியில் முனைக்கு ஒரு விரற்கடை முன்னால் எதுவோ தட்டியது. கண்ணால் பார்த்தால் தெரியாது. உப்புத்தாள் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். சொல்லாமல் விடலாம். நேற்றுவரை அவள் அப்படித்தான் விட்டிருப்பாள்.

"கடைசியில ஒரு மேடு இருக்கு," என்றாள்.

"எங்க?"

அவர் பெருவிரலைப் பிடித்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். விரல் சில்லென்று இருந்தது. "இங்க."

அவர் விரலை அங்கேயே அழுத்தி வைத்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை என்று அவர் முகம் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையாட்டினார்.

"சரி," என்றார். "இன்னொரு தடவ தள்ளு."